கரண்ட் வைப்பதில் எத்தனை வகை? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி கதிர்வீச்சு சிகிச்சை பற்றியவை. நம் ஊர்ப் பக்கம் இதற்கு ‘கரண்ட் வைப்பது’ என்றுதான் பெயர். பதில்களிலும் அப்படியே எழுதியிருக்கிறோம். கடிதம் எழுதியவர்களின் பெயரை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

பட்டுக்கோட்டை வாசகர்: அப்பாவுக்கு 61 வயது. கன்னத்தின் உட்புறம் புற்று. ஆபரேஷன் முடிந்துவிட்டது, 30 தடவை கரண்ட் வைக்க வேண்டும் என்கிறார்கள். இங்கே இருப்பது பழைய கோபால்ட் மெஷின், சென்னைக்குப் போனால்தான் புது மெஷின் என்கிறார் மாமா. எதில் வைப்பது? ஷாக் அடிக்குமா, சூடு தெரியுமா என்று அப்பா கேட்கிறார்.

அப்பாவின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம். ஷாக் அடிக்காது, சூடும் தெரியாது. ஒரு நாளைக்குக் கொடுப்பது 2 கிரே (கிரே என்பது உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு). அந்த ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறினால்கூட, கதிர் பட்ட இடத்தின் சூடு ஒரு டிகிரியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான் ஏறும். கதிர் செய்யும் வேலை வேறு: செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. இழைகளை அறுப்பது. அறுந்ததை ஒட்டத் தெரியாத புற்றுச் செல் அடுத்த முறை பிரியும்போது சாகிறது. நல்ல செல் சில மணி நேரத்தில் பெரும்பாலும் ஒட்டிக்கொண்டு பிழைத்துவிடுகிறது. 60 கிரேயை 30 நாளாகப் பிரித்து, திங்கள் முதல் வெள்ளி வரை ஆறு வாரம் கொடுப்பது இதற்காகத்தான்.

இனி மெஷின். கோபால்ட் மெஷினின் தலைக்குள் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் இருக்கிறது. அதை யாரும் போட்டு அணைக்க முடியாது. கனமான உறைக்குள் தள்ளி மூடலாம், அவ்வளவே. அதன் அரை ஆயுள், அதாவது வலு பாதியாகக் குறையும் காலம், 5.27 ஆண்டு. மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் வலு குறைந்துகொண்டே போகும். புதிதாக வந்தபோது 2 நிமிடத்தில் கொடுத்த அளவுக்கு ஐந்து வருடம் கழித்து ஏறக்குறைய 4 நிமிடம் ஆகும். நேரம்தான் கூடும், டோஸ் குறையாது. ‘பழைய மெஷின், வீரியம் போயிருக்கும்’ என்பது வீண் பயம்.

கோபால்ட்டின் உண்மையான குறைகள் வேறு. அதன் கதிருக்கு ஓரம் மங்கல். பக்கத்தில் இருக்கும் நல்ல உறுப்பை ஒட்டி வெட்டினாற்போல் நிறுத்த முடியாது. அதன் உச்ச வலு தோலுக்கு அரை சென்டிமீட்டர் கீழேயே விழுகிறது, அதனால் தோல் சீக்கிரம் கறுக்கும். மாமா சொல்லும் புது மெஷினான லீனியர் ஆக்சிலரேட்டரில் 6 எம்.வி. (மெகாவோல்ட்) கதிர் என்றால் ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்தில் விழும். இது மின்சாரத்தில் ஓடும் மெஷின். எலெக்ட்ரான்களை வேகமாக ஓடவிட்டு டங்ஸ்டன் தகட்டில் மோதவைத்து எக்ஸ் கதிரை உண்டாக்குகிறது. சுவிட்சை அணைத்தால் கதிரும் நின்றுவிடும். இதன் வாயில் மெல்லிய டங்ஸ்டன் பலகைகள் இரண்டு வரிசையாக நிற்கும். வாமடையில் பலகையை ஏற்றி இறக்கி எந்தப் பாத்திக்குத் தண்ணீர் போகணும் என்று முடிவு செய்கிற மாதிரி, கதிர் எந்த வடிவத்தில் விழணும் என்பதை இந்தப் பலகைகள் முடிவு செய்கின்றன.

பலகைகளைக் கட்டியின் உருவத்துக்கு நிறுத்தி மூன்று நான்கு திசையிலிருந்து கொடுத்தால் அது 3டி. கதிர் வந்துகொண்டிருக்கும்போதே பலகைகள் நகர்ந்து ஓர் இடத்தில் அதிகமும் பக்கத்தில் குறைவுமாகக் கொடுத்தால் ஐ.எம்.ஆர்.டி. மெஷின் ஆளைச் சுற்றிக்கொண்டே அதைச் செய்தால் வி.மேட். ஐ.ஜி.ஆர்.டி. என்பது தனிக் கதிர் வகை கிடையாது. மேசையில் படுத்தபின் மெஷினிலேயே ஒரு படம் எடுத்து, திட்டம் போட்ட இடத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்து மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்துவதற்குத்தான் அந்தப் பெயர். விளம்பரத்தில் நாலு பெயரையும் அடுக்கிப் போட்டால் நாலு சிகிச்சை என்று எண்ண வேண்டாம்.

உங்கள் அப்பாவுக்குக் கன்னத்தை ஒட்டியே உமிழ்நீர்ச் சுரப்பி. அதைக் காப்பாற்றினால் பின்னாளில் வாய் வறண்டு போவது குறையும். அதனால் ஐ.எம்.ஆர்.டி. கிடைத்தால் நல்லது. அதற்குச் சென்னைவரை போக வேண்டியதில்லை. தஞ்சாவூரிலும் திருச்சியிலும் முதலில் விசாரியுங்கள். ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியமானது தேதி. ஆபரேஷன் நடந்த நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் கரண்ட் தொடங்கியாக வேண்டும். அடுத்த வாரமே கோபால்ட்டில் தொடங்க முடியும், புது மெஷினுக்கு இரண்டு மாதம் காத்திருக்கணும் என்றால் எங்கள் ஓட்டு கோபால்ட்டுக்கு. காயம் ஆறும் நாட்களிலேயே பல் டாக்டரையும் பார்த்துவிடுங்கள். ஆடும் பல், சொத்தைப் பல்லை இப்போதே பிடுங்கி, 10 முதல் 14 நாள் ஆறவிட வேண்டும். கரண்ட் வைத்த தாடையில் பின்னால் பல் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம்.

கும்பகோணம் வாசகி: கணவருக்கு முகத்தில் வலை மாதிரி ஒன்றை மாட்டி மேசையோடு பூட்டுகிறார்கள். மூச்சு முட்டுகிறது, நாளைக்குப் போகமாட்டேன் என்கிறார். அது இல்லாமல் முடியாதா?

முடியாதுங்கம்மா. அந்த மாஸ்க் ஒரு பிளாஸ்டிக் தகடு. ஏறக்குறைய 70 டிகிரி வெந்நீரில் போட்டால் அப்பளம் நமத்தமாதிரி தளர்ந்துவிடும். அதை முகத்தில் இழுத்துப் பொருத்தினால் பத்து நிமிடத்தில் மூக்கு, தாடை, நெற்றி அச்சோடு இறுகும். அதே மாஸ்க்கோடுதான் சி.டி. எடுத்துத் திட்டம் போட்டிருக்கிறார்கள். தலை அரை சென்டிமீட்டர் திரும்பினால் கட்டிக்குப் போக வேண்டிய கதிர் தண்டுவடத்துக்குப் போகும். மாஸ்க் முழுவதும் ஓட்டைதான், மூச்சு அடைக்காது. அடைப்பதுபோல் தோன்றுவது பயம். கண், மூக்கு பக்கம் கொஞ்சம் வெட்டிவிடச் சொல்லலாம், செய்வார்கள். உள்ளே கேமரா இருக்கிறது. கையைத் தூக்கினால் நிறுத்திவிட்டு வருவார்கள். படுத்திருக்க வேண்டியது பத்துப் பதினைந்து நிமிடம்.

கவலைப்பட வேண்டியது அதற்கு நேர் எதிரான விஷயத்துக்கு. மூன்றாவது வாரத்தில் ‘இப்போதெல்லாம் மாஸ்க் லூசாக இருக்கு, சௌகரியமாக இருக்கு’ என்று சொன்னால், எடை இறங்கி முகம் ஒட்டிவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கே டெக்னீஷியனிடம் சொல்லுங்கள். மறுபடி மாஸ்க் செய்து, மறுபடி சி.டி. எடுக்க வேண்டி வரலாம். எடை இறங்குவது வாய்ப்புண்ணால் சாப்பிட முடியாததால்தான். ஒரு லிட்டர் ஆறிய வெந்நீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை கொப்பளித்துத் துப்ப வேண்டும். புண் வரும்வரை காத்திருக்காமல் முதல் நாளே தொடங்குங்கள். மிளகாயும் புளியும் நிறுத்தி, முட்டை, குழைந்த பருப்புச் சாதம், கஞ்சி என்று கொடுங்கள். விழுங்கவே முடியவில்லை என்றால் மூக்கு வழியாகக் குழாய் போடச் சொல்வார்கள். அதை ‘கடைசிக் கட்டம்’ என்று நினைத்து மறுப்பவர்கள் நிறைய. அது சில வாரத்துக்கு மட்டும். சிகிச்சை தடைப்படாமல் முடிவதற்கு அதுதான் வழி.

நீடாமங்கலம் வாசகர்: வயது 52. குரல்வளையில் புற்று. 35ல் 17 முடிந்துவிட்டது. மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்தாச்சு, குறுவை நடவுக்கு ஆள் கிடைப்பதே பெரும்பாடு. பத்து நாள் ஊரில் இருந்து நடவை முடித்துவிட்டு மீதி 18ஐ வைத்துக்கொள்ளலாமா ஐயா?

கூடாதுங்க. வயலை வைத்தே சொல்கிறோம். களை எடுக்க ஆரம்பித்துப் பாதி வயலோடு கரையேறினால் மிச்சக் களை எப்படி எழும்பும் என்று உங்களுக்குத் தெரியும். தலை, கழுத்துப் புற்றில் மூன்று நான்கு வாரத்துக்குப் பிறகு மிஞ்சியிருக்கும் செல்கள் முன்னைவிட வேகமாகப் பெருகும். நீங்கள் இப்போது சரியாக அந்த இடத்தில் நிற்கிறீர்கள். மொத்தக் காலம் ஒரு நாள் நீண்டால் நோய் கட்டுப்படும் வாய்ப்பு சுமார் ஒரு சதவீதம் இறங்குகிறது. பத்து நாள் என்றால் பத்து. விட்ட பத்தைக் கடைசியில் சேர்த்து 35 கணக்கை நிரப்பினாலும் இது திரும்பி வராது. எண்ணிக்கை சரியாக இருக்கும், நாள் ஓடியிருக்கும்.

ஒன்றிரண்டு நாள் தவறிப்போனால் ஈடுகட்ட வழி உண்டு. சனிக்கிழமை ஒன்று வைக்கலாம். அல்லது ஒரே நாளில் இரண்டு, நடுவில் குறைந்தது ஆறு மணி நேரம் விட்டு. இதைச் சொல்ல நீங்கள் ஆஸ்பத்திரியின் கதிர்வீச்சுப் பிரிவுக்குப் போன் செய்திருக்க வேண்டும். சொல்லாமல் நின்றுவிட்டு ஒரு வாரம் கழித்து வந்தால் ஈடுகட்ட இடம் இருக்காது. மெஷின் ரிப்பேர் ஆனாலும் இதே கேள்வியைக் கேளுங்கள்: ‘விட்ட நாளை எப்படிச் சரிசெய்வீங்க?’ கேட்பது உங்கள் உரிமை. அஷ்டமி, நவமி, கரிநாள் பார்த்து முதல் நாளைத் தள்ளுபவர்களுக்கும் இதே பதில்தான்.

ஐப்பசி, கார்த்திகையில் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது கடலோர ஊர்களில் பல நாள் மின்சாரமும் இல்லை, சாலையும் இல்லை. அந்த மாதங்களில் தினம் பஸ்ஸில் வந்துபோகாமல், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தங்க இடம் பாருங்கள்.

வேதாரண்யம் வாசகி: அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்று. வெளியிலிருந்து 25 தடவை முடிந்து ரத்தப்போக்கும் நின்றுவிட்டது. இப்போது ‘உள்ளே கரண்ட்’ நாலு தடவை வைக்கணும் என்கிறார்கள். அதுதான் நின்றுவிட்டதே என்கிறார் அம்மா. கதிர் உடம்பிலேயே தங்கும், பேரனைத் தூக்கக் கூடாது என்றும் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

இந்தக் கட்டத்தில் திரும்பிப் போகிறவர்கள் அதிகம் என்பதால் விரிவாகச் சொல்கிறோம். வெளியிலிருந்து கொடுத்தது 45 அல்லது 50 கிரே. ரத்தம் நிற்க அது போதும், கட்டி அடியோடு போகப் போதாது. அதற்கு 80 கிரேக்கு மேல் வேண்டும். முன்னால் சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல். வெளியிலிருந்தே அவ்வளவையும் கொடுத்தால் இரண்டும் தாங்காது. அதனால் கதிரைக் கட்டியின் நடுவிலேயே கொண்டுபோய் வைக்கிறார்கள். தூரம் இரண்டு மடங்கானால் கதிரின் வலு நாலில் ஒன்றாக விழுந்துவிடும் என்பதுதான் இதன் சூட்சுமம். பிராக்கிதெரபி என்பது இதுவே.

நடக்கும் முறை இப்படி. முதுகில் ஊசி போட்டோ மயக்கம் கொடுத்தோ, சிறுநீருக்கு டியூப் போடுவார்கள். வளைந்த மெல்லிய குழாய் ஒன்று கர்ப்பப்பைக்குள்ளும், முனை பருத்த இரண்டு குழாய்கள் அதன் வாயின் இருபுறமும் போகும். சுற்றிலும் ஈரத் துணிநாடாவை இறுக்கி அடைத்து, சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் தள்ளிவைப்பார்கள். டாக்டரின் கைப்பக்குவம் தெரிவது இந்த அடைப்பில்தான். தளர்ந்தால் மலக்குடலுக்கு டோஸ் ஏறும். பிறகு சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுத்துக் கணக்குப் போடுவார்கள். அந்த ஒன்றிரண்டு மணி நேரம் அம்மா புரளக் கூடாது, குழாய் நகர்ந்தால் போட்ட கணக்கு வீண்.

கதிர் கொடுக்கும் இரிடியம்-192 நொய்யரிசி அளவுகூட இல்லாத ஒரு துண்டு, ஒரு கம்பியின் நுனியில் பற்றவைத்திருக்கும். எல்லோரும் வெளியே வந்தபின், முதலில் வெறுங்கம்பி ஒன்று போய்க் குழாயில் அடைப்பு இல்லையா என்று பார்த்துத் திரும்பும். அப்புறம் இரிடியம் போய், சில மில்லிமீட்டருக்கு ஓர் இடமாக, சில விநாடிகள் நின்று நின்று நகரும். பத்து முதல் இருபது நிமிடத்தில் மெஷினுக்குள் திரும்பிவிடும். அதன் அரை ஆயுள் 74 நாள், அதனால் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள்; மாற்றும் தேதி நெருங்கும்போது நிமிடம் கூடும். குழாயை எடுத்ததும் உடம்பில் கதிர் ஒரு துளியும் இல்லை. அன்று மாலையே பேரனைத் தூக்கலாம். அந்த வதந்தி, ஒரு நாளுக்கும் மேலாகக் கதிர்ப் பொருளை உள்ளேயே வைத்துப் படுக்கவைத்த பழைய முறையிலிருந்து வந்தது.

வெளிக் கரண்ட் தொடங்கிய நாளிலிருந்து எல்லாம் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். 25 தடவைக்கே ஐந்து வாரம் போயிருக்கும். யோசிக்க நேரம் இல்லை, அம்மாவை இந்த வாரமே கூட்டிப் போங்கள்.

இன்னொன்று. ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து மலத்தில் ரத்தம் வந்தால், மூலம் என்று நினைத்து உள்ளூரில் ஊசி போடுவதோ சதை எடுத்துப் பரிசோதிப்பதோ வேண்டாம். கதிர் பட்ட மலக்குடலில் கத்தி வைத்தால் ஓட்டை விழலாம். கரண்ட் வைத்த இடத்திலேயே முதலில் காட்டுங்கள்.

திருவாரூர் வாசகி: எனக்கு இடது மார்பில் புற்று. 15 தடவை என்றார்கள். அண்ணிக்கு 25 வைத்தார்கள். வேறொருவருக்கு ஐந்தே நாளில் முடிந்தது. எனக்குக் குறைக்கிறார்களா?

குறைக்கவில்லை. 25 தடவையில் 50 கிரே என்பது பழைய கணக்கு. 15ல் 40 கிரே அதற்குச் சமமான பலன் தருவது பெரிய ஆய்வுகளில் தெளிவானது; ஒரு நாள் அளவு சற்றுக் கூடுவதால் மொத்தம் குறைகிறது. ஐந்து நாளில் 26 கிரே என்பதும் இப்போது உண்டு. அக்குளில் உள்ள நெறிக்கட்டிகளுக்கும் சேர்த்து வைக்கணும் என்றால் பெரும்பாலும் 15ஐத்தான் தேர்ந்தெடுப்பார்கள். இடது பக்கம் என்பதால் மூச்சை இழுத்துப் பிடித்திருக்கும்போது கொடுக்கும் முறை இருக்கிறதா என்று கேளுங்கள். நெஞ்சு விரியும்போது இதயம் கதிரிலிருந்து விலகும். 20 விநாடி மூச்சுப் பிடிக்க வீட்டிலேயே பழகலாம்.

மஞ்சள், சந்தனம், களிம்பு எதையும் தடிமனாகப் பூசிக்கொண்டு போகாதீர்கள். அந்தப் படலமே தோலில் டோஸை ஏற்றிவிடும். தோலில் போட்ட மைக்குறி குளிக்கும்போது அழிந்தால் வீட்டில் பேனாவால் கோடு இழுக்கவே கூடாது. அழிந்தது என்று சொன்னால் போதும்.

நாகப்பட்டினம் வாசகர்: மகளுக்குத் தைராய்டு புற்று, ஆபரேஷன் முடிந்தது. குடிக்கிற கரண்ட் கொடுத்துத் தனி அறையில் வைப்பார்களாம். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

அது அயோடின்-131, மாத்திரையாகவோ திரவமாகவோ இருக்கும். தைராய்டு செல் அயோடினை எங்கிருந்தாலும் இழுத்துக்கொள்ளும், அந்தக் குணத்தை அதற்கு எதிராகவே திருப்புகிற சிகிச்சை. மேலே சொன்ன எதிலும் ஆள் கதிர் விடமாட்டார்; இதில் மட்டும் சில நாள் விடுவார். அரை ஆயுள் 8 நாள், போதாததற்குப் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். வீட்டுக்கு வந்தபின் ஆஸ்பத்திரி குறித்துக் கொடுக்கும் நாட்கள் வரை தனிப் படுக்கை, தனித் தட்டு, குழந்தையையும் கர்ப்பிணிகளையும் விட்டு இரண்டு மீட்டர் தள்ளி. கழிப்பறையில் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றுங்கள். குழந்தை தாய்ப்பால் குடிக்கிறதென்றால், மருந்துக்குப் பல வாரம் முன்பே நிறுத்தியாக வேண்டும், இதை இன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

நாகைக்காரர்கள் தவறவிடுவது சாப்பாட்டை. மருந்துக்கு முன் ஒன்றிரண்டு வாரம் கடல் மீன், கருவாடு, இறால், பால், முட்டை மஞ்சள் கரு, அயோடின் உப்பு எதுவும் ஆகாது. உப்பளத்துக் கல்லுப்பு பரவாயில்லை என்று நீங்களே முடிவு செய்யாமல், ஆஸ்பத்திரி சொல்லும் உப்பையே வாங்குங்கள். செல் ஏற்கெனவே அயோடினில் ஊறியிருந்தால் மருந்தை இழுக்காது. சமீபத்தில் கான்ட்ராஸ்ட் ஊசி (படம் தெளிவாகத் தெரியப் போடும் அயோடின் கலந்த மருந்து) போட்டு சி.டி. எடுத்திருந்தாலும் இதே சிக்கல்தான், மறைக்காதீர்கள்.

மயிலாடுதுறை வாசகர்: அப்பாவுக்கு நுரையீரல் புற்று இடுப்பு எலும்புக்குப் பரவிவிட்டது. ஒரே ஒரு தடவை கரண்ட் வைத்து அனுப்பிவிட்டார்கள். கைவிட்டுவிட்டார்களா?

இல்லை. எலும்பு வலிக்கு 8 கிரே ஒரே தடவையில் கொடுப்பது பத்து தடவையில் 30 கிரே கொடுப்பதற்கு வலி குறைப்பதில் சமம். முதல் இரண்டு நாள் வலி கூடலாம், மாத்திரையை நிறுத்தாதீர்கள். பலன் முழுதாகத் தெரிய மூன்று நாலு வாரம் ஆகும். வலி திரும்பினால் மறுபடி ஒரு தடவை வைக்கலாம். ஆனால் முதுகு வலியோடு கால் மரத்துப்போனாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் நின்றாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். தண்டுவடம் நசுங்குகிறது, அன்றே ஆஸ்பத்திரி போய்ச் சேர வேண்டும்.

மன்னார்குடி வாசகர்: சென்னையில் புரோட்டான் வந்திருக்கிறதே, நிலத்தை விற்றாவது அதில் வைக்கலாமா? தங்கைக்கு மார்புப் புற்று.

விற்காதீர்கள். 2019ல் சென்னையில் அந்த மெஷின் வந்தது. புரோட்டான் ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் வலுவைக் கொட்டிவிட்டு நின்றுவிடும், அப்பால் போகாது. குழந்தைகள், மண்டை ஓட்டின் அடிப்பகுதி, தண்டுவடத்தை ஒட்டிய கட்டி ஆகியவற்றுக்கு அது அருமை. பெரும்பாலான மார்புப் புற்றுக்கு லீனியர் ஆக்சிலரேட்டரே போதும்.

பாபநாசம் வாசகர்: புகையிலையை விட்டுவிட்டேன். வெறும் வெற்றிலை பாக்கு போடலாமா?

பாக்கே தனியாகப் புற்றை உண்டாக்கும். கூடாது.

திருத்துறைப்பூண்டி வாசகர்: தினம் போய்வரச் செலவு கட்டுபடியாகவில்லை. வழி உண்டா? முடிந்ததும் என்ன காகிதம் வாங்க வேண்டும்?

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு வழி உண்டு. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றிதழோடு ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டுக் கவுன்ட்டரில் முதல் நாளே பதியுங்கள். முன் அனுமதி வராமல் தொடங்கிவிட்டால் பின்னால் வாங்குவது கடினம். ரயிலில் நோயாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் சலுகை உண்டு, அதற்கான படிவத்தில் டாக்டரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

கடைசி நாளில் கேட்டு வாங்க வேண்டியது சிகிச்சைச் சுருக்கம். எந்த இடத்துக்கு, எந்த மெஷினில், மொத்தம் எத்தனை கிரே, எத்தனை தடவை, தொடங்கிய தேதி, முடிந்த தேதி, நடுவில் விட்ட நாள் – இத்தனையும் அதில் இருக்க வேண்டும். ‘கரண்ட் முடிந்தது’ என்று ஒரே வரி எழுதியிருந்தால் திருப்பிக் கொடுத்து எழுதி வாங்குங்கள். பல வருடம் கழித்து அதே இடத்தில் மறுபடி வைக்க வேண்டி வந்தால், தண்டுவடம் இன்னும் எவ்வளவு தாங்கும் என்பதை அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் கணக்கிட முடியும். ஒரு நகல் எடுத்து ரேஷன் கார்டோடு வையுங்கள்.